கட்டமும் முகமும்: நிழற்படம் பார்த்து வரையும் முறை பற்றிய ஒரு நோக்கு

ஓவியக் கலை பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் சிகிரியாவையும் சித்தன்னவாசலையும் அஜந்தாவையும் சுற்றியே அமைவன. அவை பற்றி எழுதுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எமது மக்களுட் பெரும்பாலானோர் நாள்தோறும் காணும் ஓவியம் குகைச் சுவரில் இருப்பதன்று. அது வீட்டின் முன்மண்டபச் சுவரில், கண்ணாடிச் சட்டத்தினுள், காய்ந்த பூமாலையின் நடுவே இருப்பது; இறந்துபோன தந்தையின், தாயின், உடன்பிறந்தாரின் உருவப்படம். அதனைத் திறனாய்வாளர் கலையென்று கொள்வதில்லை. அதனைத் தீட்டியவரும் தம்மைக் கலைஞரென்று சொல்லிக்கொள்ளத் துணிவதில்லை. “கட்டம் போட்டுக் கீறியது” என்ற ஒரு தொடரோடு அது ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. அத்தொடர் எவ்வளவுக்கு நியாயமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தம்பிலுவிலை நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அம்பாறை மாவட்டக் கரையோரத்திலே, அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவிலை அடுத்து அமைந்த இவ்வூர் கண்ணகை அம்மன் கோயிலாற் பெயர்பெற்றது. வடக்கே கல்முனை வரையிலும் தெற்கே பொத்துவில் வரையிலும் தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இக்கரையில் நிரைத்துள்ளன. போரும் கடலும் இக்கரையின் வீடுகளிலிருந்து மனிதரை மட்டுமன்றி, அவர்தம் படங்களையும் கொண்டுசென்றன. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. சுவரோடு சேர்த்துச் சுவரில் மாட்டிய படங்களும் போயின. எஞ்சியவை யாவை? எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில், உறவினர் வீட்டுப் பெட்டியில், அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சிறு நிழற்படங்களே. இத்தகைய ஒரு படத்திலிருந்து ஒரு முகத்தை மீட்டெடுக்க வேண்டிய தேவை எழுகின்ற இடத்தில், வரையும் முறை பற்றிய வினா வெறும் தொழில்நுட்ப வினாவாக நின்றுவிடுவதில்லை.

முதற்கண் முறையை நோக்குவோம். 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு கடவுச்சீட்டுப் படத்தின்மீது 5 மில்லிமீற்றர் இடைவெளியிற் கோடுகள் இடப்பட்டால், அகலத்தில் 7, உயரத்தில் 9 என 63 சதுரங்கள் கிடைக்கும். வரையவேண்டிய தாளிலே 50 மில்லிமீற்றர் இடைவெளியில் அதேயளவு சதுரங்கள் மெல்லிய பென்சிற் கோடுகளால் இடப்படும். மேலே எழுத்துகளும் பக்கத்தில் எண்களும் குறிக்கப்படும். பின்னர் வரைபவர் முகத்தை வரைவதில்லை, சதுரங்களையே வரைகின்றார். புருவத்தின் கோடு எந்தச் சதுரத்தின் எந்த விளிம்பை எவ்விடத்தில் வெட்டிச் செல்கின்றது, மூக்கின் நிழல் சதுரத்தின் எத்தனையிலொரு பங்கை நிரப்புகின்றது என்பனவே அவர் கவனிப்பவை. பத்து மடங்கு பெருப்பிக்கும்போது சிறு படத்திலே அரை மில்லிமீற்றர் பிழை பெரிய தாளில் 5 மில்லிமீற்றர் பிழையாகும். அத்தகைய சிறு படத்தில் ஒரு கண் முழுவதும் ஏறத்தாழ ஒரு சதுரத்துள் அடங்கிவிடுமாதலால், கண்ணும் வாயும் உள்ள சதுரங்களை மட்டும் மேலும் நான்காகப் பகுத்துக்கொள்வது கைதேர்ந்தோர் வழக்கம்.

முன்னாளில் இக்கோடுகள் மூலப்படத்தின் மீதே கீறப்பட்டன. அல்லது அதன்மேல் வைத்த ஒளிபுகும் தாளிற் கீறப்பட்டன. ஒரேயொரு படத்தை மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்தினருக்கு அதன்மீது பென்சில் படுவது எத்துணை வேதனை தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கைபேசியிலோ கணினியிலோ படத்தைப் பதிந்து, அதன்மேற் கட்டங்களை ஏற்றி, வேண்டிய அளவில் அச்சிட்டுக்கொள்ளலாம். மூலம் தீண்டப்படாமலே இருக்கும். புதிய வசதியின் மெய்யான நன்மை இதுவே. ஆனால் அதற்கே உரிய குறைகளும் உள. படத்தின் அகல உயர விகிதமும் தாளின் விகிதமும் ஒவ்வாதபோது, தாளை நிரப்பும் பொருட்டுப் படம் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டால், மெலிந்த முகம் பருத்ததாகிவிடும். கட்டங்களோ ஒழுங்காகவே தோன்றும். வரைபவர் பிழையைப் பிழையின்றிப் படியெடுப்பார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிற் கருமையான முகங்களின் மீது கருங்கோடு கண்ணுக்குப் புலப்படாமற் போவதும் உண்டு. அங்கு வெள்ளை அல்லது சிவப்புக் கோடே உதவும். இவை சிறியனவாகத் தோன்றினும், கட்டம் தானாகவே உண்மையைத் தந்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது என்பதை இவை உணர்த்துகின்றன.

இனி, கட்டமிட்டு வரைதல் கலையாகாது என்போரின் வாதத்தை நோக்குவோம். அவர்கள் கூறுவது யாதெனின், அளவு இயந்திரத்துக்கு உரியது. கலை உள்ளத்துக்கு உரியது. எனவே அளவைச் சார்ந்து நிற்பவன் கலைஞன் அல்லன் என்பதாகும். இவ்வாதம் வரலாற்றை எதிர்கொள்ள இயலாதது. எகிப்தியக் கல்லறைகளில் முற்றுப்பெறாத சுவர்களிலே, செங்காவியில் தோய்த்த நூலால் அடித்த சதுரக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. நிற்கும் மனித உருவம் உள்ளங்கால் முதல் நெற்றியின் மயிர்க்கோடு வரை 18 சதுரங்கள் கொண்டதாக நெடுங்காலம் வரையப்பட்டது. எமது தச்சர் மரத்தில் நூலடிப்பதும் அதே செயலன்றி வேறில்லை. சிற்ப நூல்கள் கூறும் தாலமானமும் இவ்வகையினதே. முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். நவதால உருவம் 108 அங்குலம் என்றவாறு உறுப்புகள் யாவும் அளவுக்குள் அமைகின்றன. அளவு கலையைக் கொல்லும் என்பது உண்மையாயின் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பிறந்திருக்கமாட்டா.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. இக்கரையின் அன்றாட வாழ்விலேயே இதற்குச் சான்றுகள் உள. பொங்கல் நாளில் முற்றத்தில் இடும் புள்ளிக் கோலம் கட்டத்தின் மீது எழுவது. பன்பாய் இழைக்கும் பெண்கள் சாயமிட்ட பன்னை எண்ணி எண்ணியே கோலம் அமைக்கின்றனர். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலும் நெசவின் பூவேலை இழையெண்ணிக்கையின்றி உருவாவதில்லை. முஸ்லிம் இல்லங்களில் உருவப்படம் மாட்டும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதனிடத்தை அழகிய அரபு எழுத்தணி பெறுகின்றது. அவ்வெழுத்தணிக்கும் அளவுண்டு. கி.பி. 940இல் மறைந்த பக்தாத் நகரத்து இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்தின் நீளத்தையும் வளைவையும் வகுத்தவரெனப் போற்றப்படுகின்றார். ஆக, உருவத்தை ஏற்கும் மரபும் உருவத்தைத் தவிர்க்கும் மரபும் அளவை ஏற்பதில் ஒன்றுபடுகின்றன.

எனினும் இவ்விடத்து ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இதனை உணராமையே கட்டத்தைப் பழிப்போர், புகழ்வோர் ஆகிய இருசாராரின் மயக்கத்துக்கும் காரணம். கட்டம் மூவகைப்படும். முதலாவது, உருவத்துக்கு முன்னே நிற்கும் கட்டம். எகிப்தியச் சதுரமும் தாலமானமும் கோலப்புள்ளியும் இத்தகையன. இங்கே கட்டமே உருவத்தைப் பிறப்பிக்கின்றது. இரண்டாவது, கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் கட்டம். இத்தாலியரான அல்பேர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலிலே, நூல்களாற் பகுக்கப்பட்ட மெல்லிய திரையொன்றினூடாகப் பொருளை நோக்கி வரையுமாறு கூறினார். ஜேர்மானிய ஓவியரான டியூரரின் அளவை நூலின் 1538ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டமிட்ட சட்டகத்தினூடாக ஒரு பெண்ணை நோக்கி வரையும் ஓவியனின் மரச்செதுக்குப் படம் உள்ளது. இங்கே எங்கிருந்து நோக்குவது, எவ்வளவு தூரத்தில் அமர்வது என்பதை வரைபவனே தீர்மானிக்கின்றான். மூன்றாவது, முன்னரே முடிந்துவிட்ட படத்தின்மீது ஏற்றப்படும் கட்டம். நிழற்படக் கட்டம் இதுவே. இங்கே நோக்கும் இடத்தையும் ஒளியையும் கணத்தையும் நிழற்படக் கருவி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. முகத்துக்கு மிக அண்மையில் வைத்து எடுத்த படத்தில் மூக்குப் பருத்தும் காது சிறுத்தும் தோன்றும். கட்டம் அப்பருமனையும் சிறுமையையும் அப்படியே பெருப்பிக்கும். எனவே குறை கூறத்தக்கது கட்டம் அன்று. நிழற்படத்தையே மனிதனென்று கொள்ளும் மனப்பான்மையே.

நிழற்படக் கட்டத்தைக் கையாண்டோர் யாவரும் அதற்கு அடிமையாகிவிட்டனர் என்றும் கூறமுடியாது. தமிழ்நாட்டுத் திரைப்பட விளம்பரப் பதாகைகளை எழுதியோர் நடிகரின் சிறு நிழற்படத்தைக் கட்டமிட்டு, கூரையளவு உயர்ந்த துணியிற் சுண்ணக் கோடுகளால் மீண்டும் அக்கட்டத்தை வகுத்துக்கொண்டனர். ஆயின் கன்னத்தில் அவர் இட்ட இளஞ்சிவப்பும் நிழலில் இட்ட நீலமும் பச்சையும் எந்த நிழற்படத்திலும் இருந்தவையல்ல. உறுப்புகளின் இடத்தைக் கட்டம் தந்தது. வண்ணத்தை ஓவியர் தந்தனர். எம். எப். ஹுசைன் பம்பாயிலே திரைப்படப் பதாகை எழுதியே தம் இளமையைக் கழித்தவர். இக்கைத்தொழில் கணினியில் அச்சிடும் பதாகைகள் பரவியதோடு நலிந்தது. அமெரிக்க ஓவியரான சக் குளோஸ் 1967-68இல் தமது முகத்தையே கட்டமிட்ட நிழற்படத்திலிருந்து ஏறத்தாழ 273 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரைந்தார். முகங்களை நினைவிற் கொள்ளவியலாத குறைபாடு அவருக்கு இருந்தது. 1988இல் உடல் செயலிழந்த பின்னரும் அவர் வரைவதை விடவில்லை. அவருடைய பிற்காலப் படங்களிற் கட்டங்கள் மறைக்கப்படவில்லை. ஒவ்வொரு சதுரமும் தனித்தனி வண்ணக் கோலமாய் நின்று, தூரத்தில் முகமாய்த் திரள்கின்றது. 2021இல் மறைந்த அவர், நினைவு கைவிட்ட இடத்திற் கட்டம் எவ்வாறு கைகொடுக்கும் என்பதற்கு உலகறிந்த சான்றாவார்.

இவற்றை மனங்கொண்டு எமது வீடுகளில் உள்ள உருவப்படங்களை மதிப்பிடின், அவற்றின் மெய்யான குறை வேறோரிடத்தில் இருப்பது புலனாகும். கட்டம் கோட்டை ஆளும், நிழலை ஆளாது. மூக்கு எங்கே முடிகின்றது என்பதைக் கட்டம் சொல்லும். அம்மூக்கின் நிறம் எவ்வளவு கருமையானது என்பதை அது சொல்லாது. பொய் நுழைவது இந்த வாயிலூடாகவே. வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்துக் கறுத்த ஒரு மீனவரின் முகம் சட்டத்தினுள் வெளுத்த முகமாக மாறிவிடுகின்றது. வயலில் நின்ற தாயின் கன்னச் சுருக்கங்கள் மறைகின்றன. வாழ்நாளில் அணியாத மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் சிலருக்கு இறந்தபின் அணிவிக்கப்படுகின்றன. அளவில் அணுவளவும் பிசகாத இப்படங்கள் நிறத்தாலும் அணியாலும் வேறொருவரைக் காட்டுகின்றன. வரைபவரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. வெண்மையே அழகு, உத்தியோக உடையே மதிப்பு என்று கருதும் சமுதாயமே அதனைக் கேட்டுப் பெறுகின்றது. உழைத்த முகத்தை உழைத்த முகமாகவே சுவரில் வைப்பதற்கு நாணும் ஒரு சமுதாயம், தன் முன்னோரை அல்ல, தன் ஆசையையே வணங்குகின்றது எனலாம்.

இதனினும் ஆழமான ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட படத்தை எண்ணிப் பாருங்கள். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்வழி வந்த அவ்வட்டையே போர்க்காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் உயிரோடு இணைந்த பொருளாயிற்று. நிமிர்ந்த கழுத்து, இறுகிய வாய், சிரிப்பற்ற கண் என்பவையே அப்படத்தின் இலக்கணம். ஓர் இளைஞனின் முகத்தை அதிலிருந்து கட்டமிட்டுப் பெருப்பித்து, மாசு மறுவின்றி வரைந்து கொடுத்தால், அவனுடைய தாய், “இது அவன்தான், ஆனால் அவன் இப்படி இருக்கமாட்டான்” என்று கூறக்கூடும். யாருடைய சொல்லை ஏற்பது? நிழற்படம் சான்று, தாயின் நினைவும் சான்று. நிழற்படம் ஒரு கணத்தைக் கண்டது. தாயோ ஆயிரம் கணங்களைக் கண்டவள். ஆனால் நினைவு, காலம் செல்லச்செல்லத் தான் விரும்பிய முகத்தைத் தானே வரைந்துகொள்ளவும் கூடும்.

இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. படம் எதற்காக வரையப்படுகின்றது என்பதைப் பொறுத்தே விடை அமையும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து நடத்திவரும் போராட்டங்களிற் கையிலேந்தி நிற்கும் படங்கள் வழிபாட்டுக்குரியனவல்ல. அவை, “இவரைக் கண்டீர்களா?” என்று வினவும் சாட்சிகள். அங்கே வரைபவர் தம் கற்பனையால் ஒரு மயிரையும் மாற்றுதல் ஆகாது. கட்டம் அங்கே அறமாகின்றது. வரைபவரின் செருக்கிலிருந்து அந்த முகத்தைக் காக்கின்றது. பெருப்பித்த படத்திற் கண் சற்றே பெரிதானால் அழகு கூடலாம்; ஆனால் ஆள் மாறிவிடுவான். வீட்டுச் சுவருக்கான படமோ வேறு. அங்கே கட்டத்தால் உறுப்புகளின் இடத்தை நிறுத்திக்கொண்டு, வாயின் ஓரத்திலும் கண்ணின் கீழிமையிலும் உறவினரின் சொற்கேட்டுத் திருத்துதல் தகும். திருத்துபவர் ஒன்றை மட்டும் மறத்தலாகாது. உறவினர் நினைவாற் சொல்லும் திருத்தம் வேறு. ஊரார் மதிப்புக்காகக் கேட்கும் திருத்தம் வேறு. முன்னையது முகத்தை மீட்பது. பின்னையது முகத்தை அழிப்பது.

பாடசாலையில் இம்முறைக்கு உரிய இடம் பற்றியும் சில கூறவேண்டும். இலங்கையின் சித்திரக் கல்வியை அச்சுப்படங்களைப் பார்த்துப் படியெடுக்கும் பழக்கத்திலிருந்து விடுவிக்க 1920களில் முயன்றவர் சித்திரப் பாட அதிகாரியாயிருந்த சி. எப். விண்சர். எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய ஓவியக் கழகம் அவர் பெயரையே தாங்கியது. அம்மரபில் வந்தோர் கட்டத்தை ஐயுறுவது இயல்பே. மாணவன் தன் கண்ணை நம்பக் கற்குமுன் கட்டத்தை நம்பக் கற்றுவிட்டால், கட்டமில்லாத உலகத்தின் முன் அவன் கையற்று நிற்பான். முற்றத்து மாமரத்தின் மீது யாரும் கட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. ஆயினும் முற்றாக விலக்குவதும் அறிவுடைமையன்று. கண் தலையின் உச்சியருகே இருப்பதாகவே தொடக்க மாணவர் பெரும்பாலும் வரைவர். அது தலையின் நடுவளவில் இருக்கின்றது என்பதைக் கட்டம் ஒரே நாளில் உணர்த்திவிடும். தெரிந்ததாக நினைப்பதற்கும் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க அதனினும் எளிய கருவி இல்லை. ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது இதுவே: ஒரு முகத்தை ஒருமுறை கட்டத்தோடு வரையச் செய்க; பின்னர் அதே முகத்தைக் கட்டமின்றி வரையச் செய்க; புள்ளியிடுவது இரண்டாவது படத்துக்காகட்டும். முதற்படம் கட்டத்தின் திறமையைக் காட்டுவது. மாணவன் எதைக் கற்றான் என்பதை இரண்டாவதே காட்டும்.

பழந்தமிழர் இறந்த வீரனுக்கு நட்ட கல்லிலே பெயரும் பெருமையும் எழுதினர். கண்ணகிக்குச் சேரன் எடுத்த கல்லிலும் அவளுடைய முகச்சாயலை எவரும் தேடவில்லை. எமது காலத்தவரோ முகத்தையே கேட்கின்றனர். பெயர் மட்டும் பட்டியல்களில் எண்ணாக மாறிவிடுவதைக் கண்டவர்கள் அவர்கள். அக்கேள்விக்கு எமது ஊர்களின் பெயரறியா வரைஞர்கள் ஒரு பென்சிலையும் அளவுகோலையும் கொண்டு விடையளித்து வந்துள்ளனர். மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று குறிப்பிடுகின்றது. பார்ப்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்ற வகையில் அதற்கு உரை காண்பர். தன் மகனின் படத்தின் முன் ஒரு தாய் கணநேரம் நின்றுவிடுவாளாயின், அதனை வரைந்தவருக்கு அப்பெயர் பொருந்தும். அவர் கட்டம் இட்டாரா இல்லையா என்பது அதன்பின் எழவேண்டிய வினாவன்று.

இத்தகைய படங்களையும், பின்னே தங்கிவிட்ட கட்டக் கோடுகளோடு கூடிய சிறு நிழற்படங்களையும் உரியவரின் இசைவோடு தேடிப் பதிவுசெய்தல் பல்கலைக்கழக மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கரையோர ஈரக்காற்றிற் காகிதம் நெடுநாள் நில்லாது. எமது சமுதாயம் தன் மனிதரை எவ்வாறு காண விரும்பியது, எவ்வாறு காண மறுத்தது என்னும் வரலாறு அச்சட்டங்களினுள்ளேதான் இருக்கின்றது.